மூன்றாவது சுற்று

ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் நான் புனேயின் மைதானங்களில் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்தேன். விரதம் ஒன்றும் இல்லை. பத்திரிகைக்காரர்களுக்குப் போட்ட பந்தலிலோ மாடத்திலோ ஒரு பெண் போவதற்குக் கழிப்பறை கிடையாது. காலையில் வீட்டில் அரை டம்ளர் காபி, அதோடு சரி. போட்டி முடிந்து அலுவலகம் திரும்பி, மூன்றாவது மாடியில் விளம்பரப் பிரிவுக்குப் பக்கத்திலிருந்த ஒரே பெண்கள் அறைக்குப் போய்வந்த பிறகுதான் பாட்டிலைத் திறப்பேன். ஏப்ரல் மாதங்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல் மைதானம் லேசாக மிதக்கத் தொடங்கும். சுண்ணாம்புக் கோடுகள் நெளியும். ஓடுகிறவர்களின் கால்களுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருப்பதுபோலத் தெரியும். பழைய குறிப்பேடுகளை இப்போது எடுத்துப் புரட்டினால், சில பந்தயங்களை நிஜமாகவே பார்த்தேனா, தாகத்தில் கண்ட கனவா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. பக்கத்தில் எழுதியிருக்கும் நேரங்கள் சரியாக இருக்கின்றன. ஆகவே பார்த்திருக்கிறேன்.

போன மாதம் மிருண்மயி என்னைப் பார்க்க வானவடி வீட்டுக்கு வந்திருந்தாள். என் பழைய பத்திரிகையின் விளையாட்டுப் பக்கம் இப்போது அவள் பொறுப்பில் இருக்கிறது. இனி உள்ளூர்ப் போட்டிகளுக்கு நிருபர் போக வேண்டாம், சங்கங்கள் அனுப்புகிற முடிவுகளும் வீடியோவும் போதும் என்று மேலே சொல்லிவிட்டார்களாம். அவளுக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. "நீங்க எல்லாத்துக்கும் நேரா போனீங்களாமே. போய் என்ன செஞ்சீங்க மேடம்" என்று இந்தியில் கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எனக்கு உடனே வந்த பதில், "சுற்று எண்ணினேன்" என்பதுதான். அவள் சிரித்துவிட்டு டீ குடித்தாள். அவள் போன பிறகு இதை எழுத உட்கார்ந்தேன்.

அப்பா கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தார். வீடு தாபோடியில். வடஆற்காட்டிலிருந்து வந்து நாற்பது வருடம் ஆகியும் வீட்டுக்குள் அந்த ஊர்ப் பேச்சு மாறவில்லை, சந்தைக்குப் போனால் மட்டும் கொத்தமல்லி மராத்தியில் கோத்மீர் ஆகிவிடும். நான் இங்கிலீஷ் இலக்கியம் படித்துவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நகரத்தின் ஒரு இங்கிலீஷ் நாளிதழில் பயிற்சி நிருபராகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடங்களில் சொல்ல ஒன்றுமில்லை. பூக்கண்காட்சி, பள்ளி ஆண்டு விழா, ஊறுகாய்ப் போட்டி. மூன்றாம் வருடம், விளையாட்டுப் பிரிவின் இரண்டு நிருபர்களும் ஒரே நேரத்தில் கிரிக்கெட் டெஸ்ட்டுக்காக மும்பை போய்விட, குழந்தைகள் நீச்சல் போட்டிக்கு ஆள் இல்லாமல் என்னை அனுப்பினார்கள். போய்விட்டு வந்து, விளையாட்டுப் பிரிவிலேயே உட்கார்ந்துகொண்டேன். யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. உட்கார் என்றும் சொல்லவில்லை.

"ஆம்பளப் பசங்க அரைடவுசரோட ஓடற எடத்துல உனுக்கு இன்னாடி வேல" என்றாள் அம்மா.

"பொம்பளப் பசங்களும் ஓடுறாங்கம்மா."

"அதுங்க ஓடுது. நீ இன்னாத்துக்கு அங்க நின்னுகினு இருக்க?"

அம்மாவின் கேள்வியைத்தான் அலுவலகத்திலும் மைதானத்திலும் வேறு வேறு விதமாகக் கேட்டார்கள். "யார் கூட வந்தீங்க?" என்று கேட்பார்கள். முடிவுத்தாளைப் பந்தலில் கொடுக்கும்போது என்னைத் தாண்டி அடுத்த நாற்காலிக்கு நீட்டுவார்கள். பெண்களுக்கு இரவுப் பணி கிடையாது என்பது அலுவலக விதி. விளையாட்டுப் பக்கம் இரவில்தான் முடியும் என்பதால், என் செய்தி எந்த மூலையில் எத்தனை வரியாகக் குறைந்தது என்று மறுநாள் எல்லாரையும்போல நானும் பேப்பரைப் பிரித்துத்தான் தெரிந்துகொள்வேன்.

விளையாட்டு ஆசிரியர் ஸாட்டே. ஐம்பது வயதிருக்கும். இளமையில் கோ-கோ ஆடி வலது முழங்காலைத் தொலைத்தவர், உட்காரும்போது அந்தக் காலை மட்டும் இழுப்பறைக்குள் நீட்டி வைத்திருப்பார். மேசையில் ஒரு மரஸ்கேல் கிடக்கும். நாம் கொடுக்கிற தாளில் முதல் வரிக்குக் கீழே அந்த ஸ்கேலை வைத்து, வரிவரியாகக் கீழே இறக்கிப் படிப்பார். முகம் மாறாது. நம்மைப் பார்க்கவும் மாட்டார். ஒரு வரியில் ஸ்கேல் நின்றுவிட்டால், அந்த வரி எப்படித் தெரிந்தது என்று நாமாகச் சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்தேன், அல்லது இன்னார் சொன்னார். இந்த இரண்டுதான் பதில். இரண்டும் இல்லையென்றால் சிவப்பு ரீபிளால் ஒரு கோடு. ரீபிள்தான், பேனா இல்லை. வெறும் ரீபிளை விரல்களுக்கிடையில் பிடித்து எழுதுவார். அவரிடம் இருந்த வருடங்களில் அவர் என் எழுத்தை நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. நான் பெண் என்பதற்காக ஒரு வரியை விட்டுக்கொடுத்ததும் இல்லை. அந்தக் கட்டடத்தில் அந்த இரண்டாவது விஷயத்தின் அருமை எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஓட்டப் பந்தயத்துக்குப் போகும்போது அவர் சொல்லிக்கொடுத்த முறை ஒன்று உண்டு. முடிவுக் கோட்டருகே நிற்கக் கூடாது, அங்கே எல்லாரும் நிற்பார்கள். கடைசி வளைவு நேராகிற இடத்தில் நின்று, ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் முதலில் வருகிறவரின் நேரத்தைத் தனியாக எழுத வேண்டும். பெயரை எழுத நேரம் இருக்காது, சட்டை நிறம் போதும். "முடிவு யார் வேணா தருவாங்க. நடுவுல என்ன நடந்ததுன்னு நின்னவங்களுக்குத்தான் தெரியும்" என்பார். அவர் தந்த ஸ்டாப்வாட்ச்சின் கண்ணாடியில் ஒரு விரிசல். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே முள் அந்த விரிசலைக் கடக்கும்போது ஒரு கணம் நின்று போவதுபோல எனக்குத் தோன்றும்.

டிசம்பர் மாதக் காலைகளில் அந்த வளைவில் நிற்பது எனக்குப் பிடிக்கும். பனி இடுப்பளவுக்கு இருக்கும். முதலில் யாரும் தெரிய மாட்டார்கள், காலடிச் சத்தம் மட்டும் வரும். அப்புறம் தலைகள் வரும், தோள்கள் வரும், என்னைத் தாண்டும்போது முழு ஆளாவார்கள், மறுபடி கரைந்துபோவார்கள். நான் கையில் முள்ளோடு நின்றுகொண்டிருப்பேன். குளிரில் தாகமும் எடுக்காது. உலகத்தில் அதைவிட நல்ல வேலை இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றியதில்லை.

பழைய பேட்டை ஒன்றில் மல்யுத்தப் பயிற்சிக்கூடம் இருந்தது. தாலிம் என்பார்கள். பெரிய போட்டிக்கு முன்னால் அங்கே நடக்கிற பயிற்சியை எழுதிவரச் சொன்னார் ஸாட்டே. வாசலில் வஸ்தாத், அதாவது அங்கே பயில்விப்பவர், கைகூப்பி, "உள்ளே மாருதி இருக்கார் மேடம், பெண்கள் வரக் கூடாது" என்றார். உள்ளே அனுமார் சிலை இருக்கிறதாம். நான் சண்டை போடவில்லை. சந்துக்குள் போய், ஜன்னலுக்குக் கீழே நிறுத்தியிருந்த யாருடைய ஸ்கூட்டரிலோ சாய்ந்துகொண்டேன். ஜன்னல் என் தலைக்கு மேல். ஒன்றும் தெரியாது. மஞ்சளும் எண்ணெயும் கலந்த செம்மண் வாசனை வந்தது. தொடையில் கை தட்டுகிற சத்தம், மண்ணில் குதிகால் இழுபடுகிற சத்தம், இரண்டு மூச்சு. கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு மணி நேரம் அப்படியே கேட்டேன். கேட்டதை மட்டும் எழுதினேன்.

ஸாட்டேயின் ஸ்கேல் ஒரு இடத்தில் நின்றது. பெரிய மல்லன் விழுந்தான் என்று எழுதியிருந்தேன்.

"ரெண்டு சத்தம் வந்தது சார். மொதல்ல முதுகு. அப்புறம் மூச்சு மொத்தமா வெளிய போற சத்தம். சின்ன ஆளுக்கு அவ்வளவு மூச்சு இருக்காது."

ஸ்கேல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு அடுத்த வரிக்கு இறங்கியது.

அடுத்த வருடம் டிசம்பரில், மாநிலத் தடகளப் போட்டி புனேயில் நடந்தது. பெண்கள் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். மூன்று முழுச் சுற்றும், நான்காவதில் முக்காலும். முதல் இரண்டு சுற்றிலும் நீலச் சட்டை முன்னால் இருந்தது. மூன்றாவது சுற்றில் நீலச் சட்டை தளர்ந்தது. என் ஸ்டாப்வாட்ச்சில் எட்டு நொடி அதிகம். சிவப்புச் சட்டை பக்கத்தில் வந்து சேர்ந்தது, தோளோடு தோளாக என்னைத் தாண்டின இரண்டும். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். வளைவைத் தாண்டியதும் நீலச் சட்டை கிளம்பியது. அதை ஓட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பனியை யாரோ கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டு போவதுபோல இருந்தது. இருபது மீட்டர் இடைவெளியில் ஜெயித்தாள்.

நீலச் சட்டை குமுதா. எங்கள் தாபோடிப் பெண். அவள் அப்பாவும் தொழிற்சாலைதான், அம்மாவை மாரியம்மன் கோயிலில் பார்த்திருக்கிறேன். இருபது வயது. உயரம், அகன்ற தோள், ஒட்ட வெட்டிய முடி, கனத்த குரல்.

பந்தலுக்குத் திரும்பியபோது சிரிப்பு கேட்டது. தோற்ற பெண்ணின் பயிற்சியாளர் அங்கே நின்றுகொண்டிருந்தார். "மூணாவது ரவுண்டுல பூனை எலிகிட்ட ஆடற மாதிரி ஆடினாளே, பாத்தீங்கல்ல. பொண்ணுன்னா அப்படி முடியுமா? அது பொண்ணே இல்ல" என்றார். தடகளச் சங்க அதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டு பேசாமல் நின்றார். இன்னொரு பத்திரிகையின் நிருபர் பேனாவைத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்தார்கள். எல்லாரும் ஒரே சமயத்தில் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை ஸாட்டே கூப்பிட்டார். கால் இழுப்பறையில் இருந்தது. கண் மேசையில் இருந்தது.

"மேல கேக்கறாங்க. அந்தப் பொண்ணு விஷயம்."

மேலே என்றால் நிர்வாக ஆசிரியர். அவர் அறை எங்கள் தலைக்கு மேல் இருந்தது.

"என்ன கேக்கறாங்க சார்?"

"உங்க ஏரியா, உங்க பாஷை. நாங்க போக முடியாத எடத்துக்கு நீங்க போகலாம். இதெல்லாம் மேல சொன்னது. நான் சொல்லிட்டேன்." ஸ்கேலை எடுத்து வேறொரு தாளில் வைத்தார். "போறதா வேண்டாமான்னு நான் சொல்லல."

நான் பெண்ணாக இருப்பது அந்த அலுவலகத்துக்குப் பயன்பட்ட முதல் நாள் அது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மற்றவர்களுக்குக் கிடைக்காத செய்தி, முதல் பக்கம். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, குறிப்பேட்டில் இரண்டு கேள்வி எழுதினேன். ஒன்று பந்தயத்தைப் பற்றி. இரண்டாவதை எழுதிவிட்டு, பக்கத்து சீட்டுக்காரர் படித்துவிடுவாரோ என்று கையால் மூடிக்கொண்டேன். ஆற்றுப் பாலம் வரும்வரை கையை எடுக்கவில்லை.

குமுதா வீட்டுக்கு வெளியே குழாயடியில் ஓட்டப் பந்தய ஷூவைத் துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். "அம்மா, பேப்பர் அக்கா வந்துகீறாங்க" என்று உள்ளே குரல் கொடுத்தாள். அவள் அம்மா முறுக்கும் டீயும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போனாள். ஒற்றை அறை, நடுவில் ஒரு துணித் திரை. திரைக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

பயிற்சி எங்கே, எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய் என்று கேட்டேன். சுபே நாலரைக்கு என்றாள், விடிவதற்கு முன், ராணுவக் கல்லூரிச் சுவரை ஒட்டி, நாய்கள் எழுவதற்குள். எதற்கும் நீளமாகப் பதில் சொல்லவில்லை. என் மடியிலிருந்த குறிப்பேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் அதத்தான் கேக்க வந்தீங்களாக்கா?" என்றாள்.

திரைக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது.

"கேளுங்க. கிரவுண்டுல எல்லாரும் பாக்கறாங்க. ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்க."

அவள் முகத்தில் கோபம் இல்லை. பரீட்சை அறையில் தாளுக்காகக் காத்திருக்கிற முகம்போல இருந்தது. என் கையில் குறிப்பேடு திறந்திருந்தது. இரண்டாவது கேள்வி என் எழுத்திலேயே என்னைப் பார்த்தது. வாசலில் ஒரு ஆடு வந்து, ஷூவை முகர்ந்துவிட்டுப் போனது நினைவிருக்கிறது.

"மூணாவது ரவுண்டுல ஏன் ஸ்லோ பண்ண?" என்று கேட்டேன். "எட்டு செகண்டு."

அவள் நிமிர்ந்தாள். "எட்டா? கரெக்டா எண்ணுனீங்களா?"

"வளைவுல நின்னு எண்ணுனேன்."

"நா அஞ்சுன்னு நெனச்சேன்." சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. "பின்னால வர்றவ மூச்சு எனக்குக் கேக்கணும்க்கா. கேக்காட்டி பயமா இருக்கும், எவ்ளோ தூரத்துல வர்றான்னு தெரியாதில்ல. திரும்பிப் பாத்தா கால் தடுக்கும். அதான் ஸ்லோ பண்ணி, வா வான்னு பக்கத்துல வர விட்டேன். வந்தா பாருங்க, மூச்சு துண்டு துண்டா இருந்துச்சி. என்னுது நீளமா இருந்துச்சி. அவ்ளோதான். இனி இவளால ஆவாதுன்னு தெரிஞ்சிப் போச்சி. கெளம்பிட்டேன்."

"யாரு சொல்லித் தந்தாங்க?"

"யாரும் இல்ல. பனியில ஓடி ஓடி. கண்ணு தெரியாதில்ல."

திரைக்கு அந்தப் பக்கம் மறுபடி பாத்திரச் சத்தம் தொடங்கியது.

திரும்பி வந்து அதை எழுதினேன். ஒரு பந்தயத்தின் ஒரே ஒரு சுற்றைப் பற்றி நானூறு வார்த்தை. நான் எழுதியதிலேயே அது நல்லது என்று எனக்கு அப்போதே தெரியும். ஸாட்டே ஸ்கேலை வைத்துப் படித்தார். எங்கும் நிற்கவில்லை. கடைசி வரியையும் தாண்டி, கீழே இருந்த வெள்ளைத் தாளில் வந்து நின்றது ஸ்கேல். அங்கே எழுத்து ஒன்றும் இல்லை.

"மேல கேட்டது?"

"அத நான் பாக்கல சார். யாரும் சொல்லல."

"நீங்க கேட்டீங்களா?"

"இல்ல."

அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ரீபிளால் ஓரத்தில் 'மூன்று பத்தி அகலம், படத்தோடு' என்று எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். அந்த மனிதர் படி ஏறி நான் பார்த்ததே இல்லை. மேலே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. என் கட்டுரை வந்தது. அடுத்த வாரம் என்னைச் சமையல், பூக்கண்காட்சி பக்கத்துக்கு மாற்றினார்கள். ஆறு மாதம் கழித்து, "சுத்து எண்ணத் தெரிஞ்ச ஆள் வேணும்" என்று எழுதிக் கேட்டு ஸாட்டே என்னைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

ஆனால் குமுதாவுக்கு அதனால் ஒரு நன்மையும் ஆகவில்லை. என் கட்டுரை வந்த அன்றே மற்றப் பத்திரிகையில் பெயர் போடாமல், யாரென்று தெரியப் போட வேண்டிய எல்லாவற்றையும் போட்டு, தலைப்பின் கடைசியில் ஒரு கேள்விக்குறியோடு செய்தி வந்தது. தேசியப் போட்டிக்கு முன்னால் பெண்தான் என்று டாக்டர் தரும் சான்றிதழோடு வர வேண்டும் என்று சங்கத்திலிருந்து அவளுக்குக் கடிதம் போனது. அவளுக்கு மட்டும். "எம் பொண்ண எவன்கிட்டயும் நிக்க வெச்சிக் காட்ட மாட்டேன்" என்று அவள் அப்பா கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டதாக என் அம்மா கோயிலில் கேட்டுவந்து சொன்னாள். அந்த வருடம் அவள் ஓடவில்லை. அடுத்த வருடமும் இல்லை. ஒருநாள் போய்ப் பார்த்தபோது அந்த வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. அப்புறம் நான் தேடவில்லை. தேடியிருக்கலாம். நான் நல்லதுதான் செய்தேன் என்ற எண்ணம் எனக்குச் சௌகரியமாக இருந்தது.

வருடங்கள் போயின. இரவுப் பணி விதி ஒருநாள் சத்தமில்லாமல் எடுக்கப்பட்டது. ஸாட்டே ஓய்வு பெற்றார். புதிய மைதானங்களில் பெண்கள் என்று எழுதிய கதவுகள் வந்தன, சிலவற்றில் பூட்டும் இருந்தது, சாவி யாரிடம் என்று தெரியாது. அவ்வப்போது பனியில் ஒரு நீலச் சட்டை கனவில் வரும். என்னைத் தாண்டிப் போகும், முள்ளைப் பார்ப்பேன், முள் நகராது.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஒரு பிப்ரவரியில், புனேக்கு வெளியே ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையின் விளையாட்டு விழாவுக்குப் பரிசு கொடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மதிய வெயில். மேடையில் சால்வையோடு உட்கார்ந்திருந்தேன். கீழே, சீருடை போட்ட பெண்கள் நூறு மீட்டர் ஓடத் தயாராக நின்றார்கள். கழுத்தில் விசில் தொங்க ஒரு பெண் அவர்களை ஒவ்வொருவராகத் தோளைப் பிடித்துக் கோட்டுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டிருந்தாள். அகன்ற முதுகு. வெயிலில் அந்த முதுகு லேசாக மிதந்தது. எனக்குத் தாகமாகத்தான் இருந்தது, ஆனால் இந்தத் தடவை கனவு இல்லை என்று தெரிந்தது. பரிசு கொடுத்து முடித்துவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போனேன்.

தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "பேப்பர் அக்கா" என்றாள்.

அங்கே அசெம்ப்ளி லைனில் சூப்பர்வைசராக இருக்கிறாளாம், எட்டு வருடம் ஆகிறதாம். ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். நான் குடிக்கிறவரை காத்திருந்தாள்.

"கல்யாணம் ஆச்சான்னு கேக்கலியே நீங்க. எல்லாரும் மொதல்ல அதத்தான் கேப்பாங்க."

"நான் கேக்கல."

"அன்னிக்கும் கேக்கல." தரையைக் காலால் தேய்த்தாள். "அப்ப நீங்க இன்னா எழுதினீங்கக்கா? எங்கூட்ல யாருக்கும் இங்கிலீஷ் வராதே. அப்பா அந்த இன்னொரு பேப்பரப் பத்திதான் கேள்விப்பட்டாரு. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சி, உங்கள ஊட்டுக்குள்ள உட்டதுக்கு அம்மாவத் திட்டினாரு."

பத்து வருடமாக அவள் அதைப் படித்திருப்பாள், பத்திரமாக வைத்திருப்பாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த டிரம் பக்கத்தில் நின்று, நானூறு வார்த்தையையும் தமிழில் சொன்னேன். பனி, வளைவு, எட்டு நொடி, துண்டு துண்டான மூச்சு, நீளமான மூச்சு. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். தூரத்தில் ஒலிபெருக்கியில் மராத்தியில் யாரோ பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். சொல்லச் சொல்ல அவள் மார்பு ஏறி இறங்கியது, இப்போதுதான் ஓடி வந்தவள்போல.

"நல்லாருக்குக்கா" என்றாள். காலி டம்ளரை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, "கிரவுண்டுல அவங்க பேசினத எழுதலியா?" என்றாள்.

"இல்ல."

"ஏன்?"

"உன் பேர் கெட்டுப்போகும்னு."

"பேருதான் மொதல் நாளே போச்சேக்கா. ஆபீஸ்ல உங்கள அனுப்பிச்சி கேட்டுகினு வரச் சொன்னாங்கல்ல, எனக்கு மட்டும் லெட்டர் போட்டாங்கல்ல, அத யாராச்சும் எழுதியிருந்தா, நா ஓடியிருப்பேனோ இன்னாமோ." குரலில் குறை இல்லை. பந்தயத்தில் எந்த இடத்தில் தவறியது என்று இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோலத்தான் சொன்னாள். நான் கேட்காமல் விட்டது சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கேட்கச் சொன்னவர்களைப் பற்றி எழுதாமல் விட்டது சரியில்லை. இரண்டும் ஒன்று என்று நினைத்து அத்தனை வருடம் இருந்திருக்கிறேன்.

"இப்ப எழுதலாமா?" என்று கேட்டேன்.

யோசித்தாள். "எழுதுங்க. தமிழ்ல எழுதுங்க, அம்மா படிக்கும். பேரப் போட்டே எழுதுங்க." எழுதுவதற்கு எனக்கு இத்தனை வருடம் ஆகிவிட்டது.

ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்தது. அவள் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். இரண்டடி போய்த் திரும்பினாள்.

"அந்தக் காலத்துல எல்லாப் பேப்பர்லயும் குமுத் குமுத்னே போட்டாங்க. மைக்ல கூட. மராத்திப் பேருன்னு நெனச்சிட்டாங்க போல." என் கட்டுரையிலும் அப்படித்தான் வந்தது, சங்கத்தின் தாளைப் பார்த்து நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

"குமுதா" என்றாள். "'தா'வ உட்றாதீங்க."